மூன்று-ஏ அறையின் மணி

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவளுக்கு முயல் என்று பெயர். வைத்தவர் அவளுடைய அக்கா புருஷன். லிஃப்ட் கதவு மூடினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கையில் இருக்கிற தேநீர் பாதி தரைக்குப் போய்விடும். "அரண்டவன் கண்ணுக்கு..." என்று அத்தான் ஆரம்பிப்பார். மீதியைச் சுமை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவைப்பாள். வேலை வாங்கிக் கொடுத்தவரே அத்தான்தான், முறைக்க முடியுமா?

உறைந்த மீனும் இறைச்சியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் கிடங்கு அது. அவளுக்கு அலுவலக அறையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. எந்தப் பெட்டி எந்த அறைக்குப் போகிறது என்று பதிய வேண்டும். இனி இந்த வேலையையெல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும், ஆட்களை அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மற்றவர்கள் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே போய், ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லித்தரும் கிளாஸில் சேர்ந்துவிட்டாள்.

ஆரம்பப் பாடங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. பெயர் எழுதி ஒட்டிய டப்பா மாதிரி வேரியபிள். எண் போடுகிற டப்பாவுக்கு இன்ட் என்றும், எழுத்துப் போடுகிற டப்பாவுக்கு ஸ்ட்ரிங் என்றும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிளகாய்த்தூள் டப்பாவில் சர்க்கரையைக் கொட்டினால் ஜாவா ஒத்துக்கொள்ளாது. இதெல்லாம் வீடு நடத்துகிறவளுக்குப் புரியாத விஷயமா? பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், சிவப்பு எழுத்து. எங்கேயாவது தப்பு நேர்ந்தால் திரை முழுக்கச் சிவப்பாக வரி வரியாக வந்து விழும். அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

அதற்கும் ஒரு வழியை அவளே கண்டுபிடித்தாள். கைப்பேசியில் எவரோ போட்டிருந்த வீடியோ. சிக்கல் வரக்கூடிய வரிகளை ட்ரை என்ற அடைப்புக்குள் போட வேண்டும். தப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்பதைக் கேட்ச் என்ற அடைப்புக்குள் எழுத வேண்டும். கேட்சுக்குள் ஒன்றுமே எழுதாமல் விட்டால் சிவப்பு எழுத்து தலைகாட்டாது. அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

குளிர் அறை ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு பச்சைப் பட்டன் உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்த வேண்டியது. பழைய மணியின் வயர்கள் அரித்துப் போனதால் மானேஜர் புதிதாக ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். பட்டனை அழுத்தினால் அந்தப் பெட்டி அறை எண்ணோடு ஒரு வரிச் செய்தியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதைப் படித்து மணி அடிக்க ஒரு புரோகிராம் வேண்டும்.

"நீதான் ஜாவா படிக்கிறியேம்மா," என்றார் மானேஜர். "நீயே ஒண்ணு எழுதிடேன்."

"எனக்கு இன்னும் அவ்வளவா வராது சார்."

"வரும் வரும். எழுத எழுத வரும்."

முடியாது என்று சொல்லவும் அவளுக்குப் பயம். எழுதினாள். வரியை வாங்கி, அறை எண்ணை இன்ட் டப்பாவில் போட்டு, காவலாளி அறையில் மணி அடிக்கச் செய்தாள். சில சமயம் பெட்டி அரைகுறையாக வரி அனுப்பியது, சிவப்பு எழுத்து கொட்டியது. எல்லாவற்றையும் ட்ரைக்குள் தள்ளிக் கேட்சைக் காலியாக விட்டாள். அத்தான் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பட்டனை அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு மூன்றாம் அறையை நடுவில் தடுத்து இரண்டாக்கினார்கள். புதிய பாதிக்கு மூன்று-ஏ என்று பெயர். அங்கேயும் ஒரு பச்சைப் பட்டனை மாட்டி, அதே பெயரைப் பெட்டியிலும் பதித்தார்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கிளாஸில் ஆசிரியை வயதைக் கேட்கிற ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்டினார். எண் கேட்ட இடத்தில் வேண்டுமென்றே எழுத்தை அடித்தார். சிவப்பு வந்தது.

"கேட்சைக் காலியா விட்டா இது வராது மேடம்," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"வராது," என்றார் ஆசிரியை. "அழுவுற குழந்தை வாயைப் பொத்திட்டா சத்தமும்தான் வராது. பசி போயிடுமா?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், பாதியில் நின்றுபோனது. மூன்று-ஏ. மூன்று எண், ஏ எழுத்து. அது இன்ட் டப்பாவுக்குள் போகாது. தப்பு என்று ஜாவா கத்தும். கத்துகிற வாயை அவளே பொத்தி வைத்திருக்கிறாள்.

அன்று காலையில்தான் மூன்று-ஏவுக்குக் குளிரைத் திறந்துவிட்டார்கள். அத்தான் அங்கேதான் இருப்பார். வராந்தாவுக்கு ஓடி அவருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. குளிர் அறைக்குள் இருந்தால் எப்போதும் அப்படித்தான். காவலாளிக்குப் போட்டாள்.

"அண்ணே, அத்தான் எங்க?"

"உள்ள எங்கயாவது இருப்பாரு. ஏன்?"

"மூணு-ஏவைத் திறந்து பாருங்க."

"மணி ஒண்ணும் அடிக்கலையேம்மா. எல்லாம் அமைதியா இருக்கு."

அமைதியாக இருக்கிறது என்ற அந்தச் சொல்தான் அவளை நடுங்க வைத்தது. பையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு வந்து கிடைத்த வண்டியில் ஏறினாள். ஒவ்வொரு சிக்னலும் வேண்டுமென்றே நிறுத்துவதுபோல் இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

கிடங்கு வாசலில் அத்தான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "என்ன முயலு, யாரு துரத்துறா?" என்றார்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்ததும் சொன்னாள். அவர் நம்பவில்லை. "எல்லா ரூம்லயும் நானே அழுத்திப் பார்த்தேனே. நல்லாத்தானே அடிச்சுது."

"இது புது ரூம் அத்தான். மாத்தி எழுதுறதுக்கு முன்னாடி, நெஜமாவே அடிக்கலையான்னு சோதிச்சுப் பார்க்கணும்."

கதவு மூடியிருந்தால்தான் பட்டன் வேலை செய்யும், அந்தப் பெட்டியின் அமைப்பு அப்படி. உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடியை மாட்ட ஆள் திங்கட்கிழமைதான் வருவார். "நான் போறேன்," என்றார் அத்தான்.

"வேண்டாம். நான் எழுதினது, நானே போறேன். நீங்க கதவுகிட்டயே நில்லுங்க. மணி அடிச்சாலும் அடிக்காட்டியும் உடனே திறந்துடுங்க."

"நின்னுக்கிட்டுதானே இருக்கேன்."

அவருடைய கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவு அறைந்து மூடியது. காலி அறை, வெள்ளைச் சுவர், மேலே இரைகிற மின்விசிறிகள். பட்டனை அழுத்தினாள். காத்திருந்தாள். கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். கதவைத் தட்டினாள். ஒரு சாண் தடிமனுக்கு இருந்தது கதவு. தட்டிய சத்தம் விசிறி இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை.

வெளியே நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. மணி அடிப்பதைக் கிட்டேயே நின்று கேட்க வேண்டும் என்று அத்தான் காவலாளி அறைக்குப் போய்விட்டார். மணி அடிக்கவில்லை. "பயந்துக்கிட்டு இன்னும் பட்டன்ல கையே வைக்கல போல," என்று காவலாளி சொல்ல, அவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே அவளுடைய மூச்சு புகையாக வந்தது. கண்ணிமையில் ஏதோ குத்தியது. விரல் மரத்துப்போனதால் முழங்கையால் பட்டனை இடித்தாள். ஒவ்வொரு இடிக்கும் ஒரு வரி கம்ப்யூட்டருக்குப் போகிறது, ஒவ்வொரு வரியும் அவள் காலியாக விட்ட அந்த அடைப்புக்குள் விழுந்து மறைகிறது. யார் செய்தது? அவளே செய்தது. அத்தான் என்று கத்தினாள். அக்கா என்று கத்தினாள். பிறகு கத்தவும் குரல் எழும்பவில்லை. கதவில் முதுகை வைத்துச் சரிந்து உட்கார்ந்தாள். இங்கே உட்காரக் கூடாது என்று தெரிந்தும் எழுந்திருக்கக் கால் வரவில்லை.

நேரம் போகிறதே என்று அத்தான் வந்து கதவைத் திறந்தபோது அவள் பின்பக்கமாகவே வெளியே விழுந்தாள்.

"ஏம்மா, அழுத்த வேண்டியதுதானே?" என்றார் அத்தான்.

"அழுத்தினேன்," என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் முகம் வெளிறிப்போனதை அப்போதுதான் பார்த்தாள். காலையில் அவர் அந்த அறைக்குள் தனியாக எத்தனை தடவை போய் வந்திருப்பார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காவலாளி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளர் அவள் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது.

கை கொஞ்சம் வசப்பட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அறை எண்ணை இன்ட்டிலிருந்து ஸ்ட்ரிங்குக்கு மாற்றினாள். காலியாக இருந்த கேட்சுக்குள், வந்த வரி எதுவானாலும் புரியவில்லை என்றால் உடனே மணி அடி என்று எழுதினாள். இந்தத் தடவை அத்தான் உள்ளே போனார், கதவருகே காவலாளியை நிற்கவைத்தாள். மணி அடித்ததில் அவளே நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மானேஜருக்கு அவளே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டாள்.

"ஒண்ணும் ஆகலையேம்மா. அதான் சரி பண்ணிட்டியே," என்றார் அவர். "யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"சொல்லிட்டேன் சார். எல்லாருக்கும். கைப்பிடி மாட்டுற வரைக்கும் அந்த ரூமைப் பூட்டி வெச்சிருக்கோம். பழைய மணிக்கும் புது வயர் இழுக்கணும் சார். என் புரோகிராமை மட்டும் நம்பி யாரும் உள்ள போகக் கூடாது."

அதுவரை அவள் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. திங்கட்கிழமை கைப்பிடி வந்தது. வயர் வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது, தினமும் கேட்டுக் கேட்டு வாங்கினாள்.

வீட்டில் அக்கா இருவரையும் உட்காரவைத்துத் திட்டினாள். உள்ளே போனவளுக்கு ஒரு பங்கு என்றால், கதவை விட்டு நகர்ந்தவருக்கு மூன்று பங்கு. அத்தான் எழுந்து போய் முயலுக்கு ஒரு போர்வை கொண்டுவந்தார். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் கேட்க வேண்டியதை யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டன் பெட்டியே செத்துப்போய் ஒரு வரியும் அனுப்பாவிட்டால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? யோசிக்க யோசிக்க மறுபடியும் உள்ளங்கை வியர்த்தது.