புத்தகத்தில் நான் வேனில் இருந்தேன்

அந்த அட்டை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய மட்டை. மூலையில் ஓர் ஓட்டை, அதில் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சணல் நூல். ஒரு பக்கத்தில் நீல மையில், உருண்டை உருண்டையான எழுத்தில் என் பெயர், தோட்டத்தின் பெயர், மேல் டிவிஷன், லயத்தின் இலக்கம், தெமோதரை, ஊவா மாகாணம், ஸ்ரீலங்கா. அடியில் சிவப்பு மையில், ‘இவர் காணாமல் போனால் மேற்படி விலாசத்தில் சேர்ப்பிக்கவும்.’ சென்னைக் கடைத்தெருவில் தொலைந்துபோகிறவளை யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கடல் தாண்டிக் கூட்டி வந்து, எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவார் என்று நம்பிய ஒரு மனிதர் எழுதியது.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய கணக்கப்பிள்ளை. முப்பது வருடம், வேலைக்கு ஆள் கூட்டும் விடியற்காலைப் பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, கணக்கப்பிள்ளை ஐயாதான். வயதானவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யோசித்து இதை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த அந்த வருடங்களில் தோட்டத்து ஆட்கள் கூட்டமாகத் திருச்சிப் பக்கம் கோயில்களுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். எங்கள் டிவிஷனிலிருந்து இருபத்திரண்டு பேர் புறப்பட்டோம். தலைமை தாங்கக் கணக்கப்பிள்ளை ஐயா தாமாகவே முன்வந்தார். சென்னையை அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்று பேச்சு. உண்மையில் அவர் அங்கே போனது ஒரே ஒரு தடவை, கண் ஆபரேஷனுக்கு. ஒரு கண்ணில் கட்டோடு நாலு நாள் கட்டிலில் படுத்திருந்துவிட்டு வந்தவர். அந்த நாலு நாளை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் எங்களுக்கு வகுப்பு நடத்தினார். ரோட்டைக் கடக்கும்போது ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும். ஐஸ் போட்டது எதையும் குடிக்கக்கூடாது. பாஸ்போர்ட் எல்லாம் அவருடைய பையில்தான் இருக்கும். “அந்த ஊர் ஆளுங்ககிட்ட வாயத் தொறக்காதீங்க. சிலோன்னு சொன்னீங்கன்னா பொலிஸ்ல புடிச்சுக் குடுத்துருவான். தவறிப்போனா நின்ன எடத்துலயே நில்லுங்க. நான் வருவேன்.” சிலோன் என்று வாயால் சொல்லக்கூடாது, ஆனால் அதைக் கழுத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும். இதிலுள்ள கோணல் எனக்கு அன்றைக்கே தெரிந்தது. நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். தெரிந்தும் கேட்கவில்லை. எல்லாருக்கும் முன்பாக நல்ல பிள்ளை மாதிரி அட்டையை மாட்டிக்கொண்டேன்.

கோயில்கள் முடிந்து கடைசி இரண்டு நாள் சென்னை. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது, வயிற்றோட்டம் பிடித்திருந்தது. லொட்ஜிலிருந்து புறப்படும்போது வேறு துணி காயாததால் அங்கிருந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துப் பைக்குள் திணித்தேன். லொட்ஜ் சாமானைத் தொடக்கூடாது என்பதும் ஐயாவின் சட்டம். திருடுகிறோமோ என்று வழி முழுக்கப் பையை முந்தானையால் மூடிக்கொண்டே வந்தேன். அவர் எங்களுக்கு ஊர் காட்டிய விதம் மருந்து ஊற்றுவது போலத்தான். கோயில் அரை மணி, கடைத்தெரு ஒரு மணி, கடற்கரை இருபது நிமிஷம். நின்று பார்க்க நினைத்தால் விசில்.

கடைத்தெருவில் ஒரு மணி நேரம் முடியும் தறுவாயில் பிள்ளை மேலெல்லாம் போய்விட்டது. பக்கத்துச் சந்தில் குழாய் இருப்பதைப் பார்த்துக் கழுவத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த நேரத்தில்தான் அவர் எங்களை ஏற்றி வந்த இரண்டு வேன்களுக்கும் நடுவில் நின்று, பெயர் எழுதிய கொப்பியை விரித்துப் பெரட்டுப் பெயர் கூப்பிட்டார். உள்ளே உட்கார்ந்தபடியே எல்லாரும் பதில் சொன்னார்கள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் ஏச்சு, அன்றைய பேரும், அதாவது நாள் கூலியும், போய்விடும். பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடி வருகிறவளுக்காகக் கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். அவள் பின்னாலேயே வந்து நின்றுகொள்வாள். இதில் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. சென்னையில் என் பெயர் வந்தபோது லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா அக்கா, தன் முப்பது வருடப் பழக்கத்தில், “இருக்கேங்க” என்றாள். நான் மற்ற வேனில் ஏறிக்கொள்வேன் என்று நினைத்தாளாம். ஐயா என் பெயருக்கு நேரே கோடு போட்டார். வேன்கள் புறப்பட்டன.

திரும்பி வந்தபோது அந்த இடத்தில் மாம்பழ வண்டி ஒன்று நின்றது. நின்ன எடத்துலயே நில்லுங்க. நின்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மாம்பழக்காரர் வண்டியை இரண்டு முறை நிழலுக்கு நகர்த்தினார். நான் நகரவில்லை. அட்டையை ரவிக்கைக்குள் ஒளித்துக்கொண்டேன். பிள்ளை முதலில் அழுதாள், பிறகு அழுவதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயம். உதடு காய்ந்து, கண் செருகி, தோளில் துவண்டு கிடந்தாள். அப்போதும் நான் நினைத்தது என்ன தெரியுமா? இப்போது நகர்ந்து, அதற்குள் ஐயா வந்துவிட்டால் ஏசுவாரே என்றுதான். இதை எழுதக் கை கூசுகிறது.

எதிரே நடைபாதையில் கிளிப்பும் வளையலும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்தான் எழுந்து வந்தாள். “இன்னாமா, கொயந்தைய வெயில்ல வெச்சிக்கினு செல மாதிரி நிக்கிற? வாய்ல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினியா?” நான் வாயைத் திறக்கவில்லை. “ஊமையா நீ?” என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கி மடியில் போட்டு, சோடாக் கடையில் உப்பும் சீனியும் வாங்கித் தண்ணீரில் கரைத்து மூடி மூடியாகப் புகட்டினாள். பிள்ளை விழுங்கிய பிறகுதான் எனக்கு அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன. அட்டையை எடுத்து நீட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“தெமோதரையா? எங்க கீது, சேலத்துக்கு அந்தாண்டையா?”

“இலங்கைங்க.”

“அடிப்பாவி, அங்க எந்த ஆட்டோ போவும்? தங்கின எடம் பேரு சொல்லு.”

தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அது ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைத் துடைக்க, அவளைச் சுற்றியிருந்த துண்டை இழுத்தாள். அதன் ஓரத்தில் லொட்ஜின் பெயரும் தெருவும் சிவப்பில் அச்சடித்திருந்தன. “திருட்டுத் துண்டா? நல்ல வேல செஞ்ச போ” என்று சிரித்தாள். ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டு, ஓட்டுநருக்குக் கேட்கும்படி, “வண்டி நம்பரு எழுதி வெச்சிக்கினேன், வாசல்லயே எறக்கி விடணும்” என்றாள். அவளிடம் பேனாவே இல்லை.

லொட்ஜ் படியில் பிள்ளையோடு காத்திருந்தேன். அவர்கள் வந்தபோது எல்லார் காலிலும் கடல் மணல். கடற்கரையில் நான் இல்லை என்று தெரிந்ததும் அக்கா அழுது நடந்ததைச் சொல்லித் திரும்பச் சொன்னாளாம். ஐயா கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, பேர் விழுந்திருக்கிறது, ஆள் இங்கேதான் எங்கேயாவது இருக்கும், கடலைப் பார்த்துவிட்டே போவோம் என்றிருக்கிறார். அதன் பிறகும் அவர் அந்தக் கடைத்தெருப் பக்கம் வேனைத் திருப்பவில்லை. இப்போது படியில் என்னைக் கண்டதும் அவர் பார்வை போனது துண்டின் மேல்.

“லொட்ஜ் துண்ட வெளிய எடுத்தது யாரு?”

“ஐயா, எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்க. புள்ளைக்கு...”

“விட்டுட்டா? இங்க பாரு.” கொப்பியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். “புத்தகத்துல நீ வேன்ல இருக்க.”

என் மகள் என் மடியில், அந்தத் துண்டில் கிடந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மன்னிச்சுக்கங்க ஐயா” என்றேன். துண்டைத் துவைத்து மடித்து வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்கு ஏச்சு விழக்கூடாதுன்னுதான்டி சொன்னேன்” என்று தேம்பினாள். அவளிடம் எனக்குக் கோபமே வரவில்லை. அவளை அப்படிப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு, இளையவன் இடுப்பில். ஐயா இன்னும் கடை வாசலில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறார். “நான் சொல்லிக் குடுத்த மாதிரி டீச்சர் நின்ன எடத்துலயே நின்னுச்சு, அதான் தப்பிச்சுச்சு” என்பதுதான் அவர் கதை. சென்னைக்குப் போகிறவர்கள் இன்னும் அவரிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

போன வாரம் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். முதல் பயணம். கழுத்தில் அதே பிஸ்கட் மட்டை, அதே சணல், அதே விலாசம். அட்டையைத் திருப்பி, ‘சென்னையில் தங்கியிருக்கும் இடம்’ என்று எழுதி, கீழே கோடு போட்டுக் கொடுத்தேன். “எறங்கின ஒடனே லொட்ஜ்காரங்ககிட்ட கேட்டு இதுல எழுதிக்க. பாஸ்போர்ட்ட ஓங்கிட்டயே வச்சுக்க. புள்ளைக்கு முடியலன்னா யாருகிட்ட வேணும்னாலும் பேசு. யாரு பேரக் கூப்பிட்டாலும் அவங்களே பதில் சொல்லட்டும்.”

“அப்பறம் ஐயா ஏசுவாருங்களே டீச்சர்?”

“ஏசட்டும்” என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது.

அவள் தலையாட்டிவிட்டு, நான் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி அட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். ஐயாவின் வீடு தெரியும் வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கணம் நின்று, அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாசல்படி வரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே வந்து அலுமாரியைத் திறந்து என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.