வராத அலையும் நீலத் தார்ப்பாய் அம்பாரமும்

காலை பதினொன்றே கால் மணி. 2004 டிசம்பரில் சுனாமி வந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை. மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் நான் கைக்குழந்தைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லை. மகள் ஷீபாவைக் கடைக்கு அனுப்பினேன். அவள் படி இறங்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால்தான் மணி நினைவிருக்கிறது. அவள் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒருவன் கத்தினான்.

“தண்ணி வருது. மறுபடியும் தண்ணி வருது.”

அந்த வாரத்தில் அந்த வார்த்தை எங்களை என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குப்பத்தில் வீடுகள் போயிருந்தன. பிள்ளைகள் போயிருந்தார்கள். முகாமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். டிவியிலேயே சொல்லிவிட்டார்கள் என்றார் ஒருவர். தெரு முழுக்க மேற்கே, திண்டிவனம் சாலையைப் பார்த்து ஓடியது. நான் கிழக்கே கடைப் பக்கம் ஓடப் பார்த்தேன். கூட்டம் என்னைத் திருப்பி இழுத்துக்கொண்டு போயிற்று.

“என் பொண்ணப் பாத்தீங்களா? ஷீபாவப் பாத்தீங்களா?”

“பச்சப் பாவாட தான டீச்சர்? முன்னாடி வண்டில ஏறிடுச்சு, நான் பாத்தேன். ஏறுங்க, ஏறுங்க.”

யாரோ கை கொடுத்து உப்பு லாரியில் என்னை ஏற்றிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. முன்னால் போன வண்டியில் பச்சைப் பாவாடை போட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் ஷீபா இல்லை. லாரி மேற்கே ஐந்தாறு மைல் ஓடி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை நெருங்கும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் நிற்காத லாரியிலிருந்து குதித்தேன். வலது கால் மடங்கிவிட்டது. எழுந்து இரண்டு எட்டு வைத்தேன், மூன்றாவது எட்டில் விழுந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் எஸ்தர். அங்கன்வாடியில் வேலை, அதனால் ஊரில் எல்லாருக்கும் டீச்சர். கணவர் தேவராஜ் உப்பளத்தில் மேஸ்திரி. ஷீபா எங்களுக்கு ஒரே பிள்ளை, அப்போது பன்னிரண்டு வயது. சிறு வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. ஓடினால் இழுக்கும், பயந்தால் இழுக்கும், மழைக்காலத்தில் சும்மாவே இழுக்கும். வாயில் வைத்து அடிக்கிற பம்ப் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அன்றும் அது என் பையில்தான் இருந்தது. அவளிடம் இல்லை. என் கணவர் காலையிலேயே பெரிய முதலியார்சாவடியில் தன் தங்கை குடும்பம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தார். பஸ் நின்றுவிட்டது. போன் எதுவும் போகவில்லை.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் என்னை உட்காரவைத்தார்கள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று நான் எழுந்த ஒவ்வொரு முறையும் அங்கே நின்ற போலீஸ்காரர், “கிழக்க யாரையும் விடக்கூடாதும்மா, ஒக்காருங்க” என்றார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

என் பக்கத்தில் வள்ளி உட்கார்ந்திருந்தாள். குப்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இடுப்பில் இருந்த நான்கு வயதுப் பையனைக் கடல் பிடுங்கிக்கொண்டது. முகாமில் அவள் அழவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் அவளுக்குத் தேநீர் கொடுத்து, உனக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் ஒன்று கேட்டாள். “ஞாயித்துக்கெழம நீங்கள்லாம் கோயில்ல பாடிக்கினுதான இருந்தீங்க? அப்ப உங்க சாமி என் புள்ளையப் பாக்கலியா?” நான் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை வாங்கிவந்துவிட்டேன். அந்தக் கேள்வி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாக எழுதுகிற இடத்தில் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் பிள்ளையைக் காப்பாற்று என்று ஜெபிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வேறு வழியில்லை. சபையில் நான் நன்றாக ஜெபிப்பேன் என்று சொல்வார்கள். அந்த வார்த்தை ஒன்றும் அன்று வரவில்லை. வாய்விட்டு இவ்வளவுதான் சொன்னேன்: “ஆண்டவரே, அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும். என்னால நடக்க முடியல. யாரையாவது அனுப்புங்க.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வள்ளி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவியல் தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு நாய் ஏறி நின்று, தன் ஆட்களைத் தேடுவதுபோல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் உப்பளத்து உப்பு மேடு நினைவுக்கு வந்தது.

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பாத்தி எல்லாம் ஒரே மாதிரி, வரப்பு எல்லாம் ஒரே மாதிரி. அடையாளத்துக்கு ஒரு மரம் கிடையாது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகள் வெயில் கூச்சத்தில் வழி தவறிவிடும். அதனால் உப்பளத்து வீடுகளில் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் சொல்லிவைப்போம்: எங்களைக் காணவில்லை என்றால் தேடி அலையாதே, நம் அம்பாரத்துக்குப் போய் நில், நம் ஆள் வந்து கூப்பிடும்வரை நகராதே. வாரிய உப்பை மேடாகக் குவித்து வைப்பதுதான் அம்பாரம். எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் விற்காத உப்பை ஓலை போட்டு மூடுவார்கள். அந்த வருடம் எங்கள் முதலாளி மட்டும் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்.

ஊரே மேற்கே ஓடியபோது என் மகள் கிழக்கே போயிருக்கிறாள். எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவைக் காணவில்லை, எனவே அம்பாரம். உப்பளத்துப் பிள்ளையைத் தவிர வேறு எந்தப் பிள்ளையும் அன்று அப்படிச் செய்திருக்காது. ஆனால் அந்த உப்பளத்தில் ஞாயிற்றுக்கிழமை புகுந்த கடல் தண்ணீர் இன்னும் வடியவில்லை. வரப்புகள் கரைந்து கிடந்தன. எது பாத்தி, எது உப்புத் தண்ணீர் தேக்கும் பள்ளம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. அவளிடம் பம்ப்பும் இல்லை.

“அம்பாரத்துல இருக்கா,” என்று கத்திவிட்டேன். “எங்க நீலத் தார்ப்பா அம்பாரத்துல இருக்கா. யாராவது போங்களேன்.”

சுற்றி நின்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லார் கையிலும் பிள்ளை இருந்தது.

வள்ளி எழுந்தாள். புடவையை உதறி இடுப்பில் செருகினாள்.

“எங்க கீது அது?”

“மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால. ரோட்லேர்ந்து பாத்தாவே நீலமா தெரியும். வள்ளி, நீயா? தண்ணி வந்துடுச்சின்னா?”

“வந்தா வரட்டும். எங்கிட்ட இன்னும் என்னாத்த எடுத்துக்கினு போவப் போவுது?”

பம்ப்பை அவள் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத எப்பிடி அடிக்கறது? மூக்குலயா?”

“வாயில. குலுக்கிட்டு அடிக்கணும். என் பேரச் சொல்லு, இல்லன்னா உங்கூட வரமாட்டா.”

போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். வள்ளி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கையை இறக்கிக்கொண்டார். சாலையில் கடைசி ஆட்கள் மேற்கே வந்துகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

பிற்பகலில் அலை எதுவும் வரவில்லை என்று சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எனக்கு மட்டும் அந்தப் பயம் முடியவில்லை. அலைதான் வரவில்லையே, அப்புறம் எதற்குப் பயம் என்று ஒரு பெரியவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் பேச்சு என் காதில் ஏறவில்லை. வள்ளி இங்கேதான் திரும்பி வருவாள் என்று மரத்தடியிலேயே உட்கார்ந்து அதே ஜெபத்தைச் சொன்னேன். எப்போது என்று தெரியவில்லை, நடுக்கம் நிற்காமலேயே உள்ளே ஏதோ ஒன்று அமர்ந்தது. மகள் கிடைத்துவிடுவாள் என்ற உறுதி அல்ல அது. கிடைக்காவிட்டாலும் அவளும் நானும் ஆண்டவர் கையை விட்டு எங்கும் விழமாட்டோம் என்று தெரிந்தது. அதற்கு முன்பு இத்தனை வருடம் கோயிலுக்குப் போயும் அது எனக்குத் தெரியாது.

இப்போது 2006. ஷீபா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். தெருவில் யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் இன்றும் என் கை அவள் கையைத் தேடும். கால் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஆனால் முன்பு ஒரு காய்ச்சல் வந்தால் உலகமே முடிந்ததுபோல உட்கார்ந்துவிடுவேன். இப்போது எழுந்து கஞ்சி வைத்துவிட்டு ஜெபிக்கிறேன். அது சின்ன மாற்றம்தான். என் வீட்டில் அது பெரியது.

சுனாமிக்குப் பிறகு குப்பத்து மக்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். வாசலில் ‘தற்காலிகக் குடியிருப்பு’ என்று பலகை. வெயிலில் உள்ளே நிற்க முடியாது, மழையில் பேச முடியாது. வள்ளி அதில் இருந்தபோது நான் போவேன். அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: நம் கஷ்டத்துக்கும் அந்தப் பெயர்தான். தகரம் சுடாது என்று நான் சொல்லமாட்டேன், சுடும். ஆனால் அது நாம் கடைசிவரை இருக்கப்போகிற வீடு இல்லை. வீடு வேறே இருக்கிறது; அதைக் கொடுத்தவர் நம் பெயரை அறிந்திருக்கிறார். இதைப் படிக்கிற நீங்கள் இன்று எந்தத் தகரத்துக்குக் கீழே இருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. பெரிய வார்த்தை வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் நம்பி, யாரையாவது அனுப்புங்கள் என்று கேளுங்கள். அனுப்பப்படுகிற ஆள் நீங்கள் நினைத்த ஆளாக இருக்காது. அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

வள்ளி எங்கள் சபையில் சேரவில்லை. அவள் தன் மாரியம்மனைக் கும்பிடுகிறாள். கிறிஸ்துமஸுக்கு வந்து என் பிரியாணியில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் பையன் பெயரை நான் தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். அவளுக்கு அது தெரியும்.

அந்த வியாழக்கிழமை மாலை, வெயில் சாய்கிற நேரம். சாலையில் ஒரு பால்காரரின் மொபெட் வந்து நின்றது. நடுவில் ஷீபா. பின்னால் வள்ளி, கழுத்துவரை நனைந்து, புடவை காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஷீபாவுக்கு மூச்சு கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் மூடியிருந்த கையைத் திறந்து என்னிடம் நீட்டினாள். தீப்பெட்டி.

“நனைஞ்சிடுச்சும்மா,” என்றாள். “ரோட்லேர்ந்து யாரோ கூப்ட்டாங்க. தெரியாதவங்க, அதனால எறங்கல. இந்த அக்கா உன் பேரச் சொல்லி பம்ப்பக் காட்டினாங்க. அப்பறந்தான் எறங்கினேன். நீ ஆள் அனுப்புவன்னு தெரியும்.”

“நல்லா வளத்து வெச்சிக்கிற டீச்சர்,” என்றாள் வள்ளி. “நான் கழுத்தளவு தண்ணில விழுந்து எழுந்து போய் நிக்கறேன். மேல ஒக்காந்துக்கினு, எங்கம்மா பேரு இன்னா சொல்லுன்னு என்னியே கேள்வி கேக்குது.”

அந்த வாரத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்தது. வந்த உடனே கண் நிறைந்துவிட்டது. பம்ப்பை என் மடியில் வைத்தாள். ஷீபாவின் தலையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

“யாரையாவது அனுப்பு, யாரையாவது அனுப்புன்னு சொல்லிக்கினே இருந்தியே டீச்சர். ஊருல எத்தினி பேரு கீறாங்க. உங்க சாமிக்கு நான்தானா கெடச்சேன்?”