பாறைமேல் கட்டிய வேஷ்டி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஒரு வேஷ்டியைப் பார்த்துக் கைதட்டினேன். சத்தியமாக.

அந்த வேஷ்டி எங்களிடமிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் கட்டியிருந்தது. நன்றாக இருட்டிவிட்டது. கையிலிருந்த டார்ச்சை அழுத்தினேன். வெள்ளைக் கோடாக வெளிச்சம் பள்ளத்தைத் தாண்டிப் போய் அதன்மேல் விழுந்தது. பைனாகுலரில் பார்த்தால், காற்றில் அது படபடப்பதுகூடத் தெரிந்தது.

எட்டிவிட்டது! ஒன்றரை வருட உழைப்பு... செல்வம் விசில் அடித்தார். நான் டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினேன்.

பக்கத்தில் நின்ற வைதேகி மாமி மட்டும் தட்டவில்லை.

"வேஷ்டி தெரியறது. அவர் எங்கே?"

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். "அம்மா, டார்ச் லைட் புராணத்தை எப்போது நிறுத்துவீர்கள்?" என்று கேட்டு எழுதும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் அதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

மைசூரில் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எல்லோரும் டார்ச் பைத்தியங்கள். கடையில் விற்பதெல்லாம் போதாது, நாமே ஒன்று செய்வோம், ஒரு மலையிலிருந்து அடிச்சா அடுத்த மலை தெரியணும் என்று கிளம்பினோம். சர்க்யூட் போட்டது சம்பத் சார். விஜயநகரில் எங்கள் அடுத்த தெரு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். மாமி அவருடைய மனைவி. டார்ச்சின் உடம்பைக் கடைந்தது செல்வம். காட்டோரக் கிராமமான மார்டள்ளிக்காரர், இங்கே சொந்தமாக லேத் வைத்திருக்கிறார். எனக்கு என்ன வேலை? எல்லாவற்றிலும் குறை சொல்வது. அதற்கும் ஆள் வேண்டாமா?

குழு உடையாமல் ஒன்றரை வருடம் ஓடியதே ஆச்சரியம். பட்டன் பின்னால் வைப்பதா, பக்கவாட்டில் வைப்பதா என்பதற்கே மூன்று பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் பெரிய சண்டை சூட்டைப் பற்றித்தான். இவ்வளவு வெளிச்சம் அடித்தால் டார்ச் தோசைக்கல்லாகக் கொதிக்கும். ஒரு அளவுக்கு மேல் சூடானால் தானாகவே அணைந்துவிட வேண்டும் என்றார் சம்பத் சார்.

"ஆனை முன்னால நிக்கறப்ப அணைஞ்சு போச்சுன்னா நான் என்னங்க சார் பண்றது?" என்று செல்வம் கேட்டார். அவர் ஊரில் மக்காச்சோளக் காட்டுக்கு யானை வருவது கதையில்லை, நடப்பு.

நியாயம்தானே? ஓட்டு எடுத்தோம். அத்தனை பேரும் 'கட்-ஆஃப் வேண்டாம்'. சம்பத் சார் மட்டும் 'வேண்டும்'. தோற்றதும் அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு கப்சிப் ஆகிவிட்டார். வாழ்க்கையில் ஒரு விவாதத்தையும் விட்டுக்கொடுக்காத மனுஷன்... அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேல்கோட்டைக்குப் போகிற வழியில் ஆள் நடமாட்டமில்லாத பாறைகள். செல்வத்தின் காரில் நாங்கள் நாலு பேர். எதிர்ப்பக்கம் வெள்ளையாக ஏதாவது கட்ட வேண்டும். பெட்ஷீட் எடுத்துவர எல்லோரும் மறந்துவிட்டோம். சம்பத் சார் பையிலிருந்து சலவை வேஷ்டியை உருவினார்.

"பெருமாள் சேவிக்கக் கொண்டுவந்ததுன்னா அது" என்றார் மாமி.

"பெருமாளுக்கு நான் பேன்ட்டோட வந்தாலும் அடையாளம் தெரியும்" என்று சொல்லிவிட்டு மனுஷன் பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டார். வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பக்கம் ஏறி, புதரில் வேஷ்டியைக் கட்டி, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். இருட்டியதும் டார்ச் அடிப்போம், அவர் வேஷ்டி பக்கத்திலேயே நின்று வெளிச்சம் எப்படி வருகிறது என்று போனில் சொல்ல வேண்டும். ஏற்பாடு அதுதான்.

இப்போது வேஷ்டி இருக்கிறது. ஆள் இல்லை.

போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். அதே.

"மத்தியானமே சுகர் மாத்திரை போட்டுண்டுட்டார். அப்புறம் ஒரு வாய் சாப்பிடலை" என்றார் மாமி. "புளியோதரை என் கையிலேயே இருக்கு."

மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம். காற்று எங்கள் குரலை எங்கள் வாயிலேயே திருப்பித் திணித்தது. இந்தப் பக்கமெல்லாம் சிறுத்தை உண்டு என்பது மைசூரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"நான் இறங்கிப் பாக்கறனுங்க்கா. சின்ன டார்ச்சு ஒண்ணு குடுங்க" என்றார் செல்வம்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

வீட்டில் என்னிடம் பதினோரு டார்ச் இருக்கிறது. செல்வத்திடம் அதற்கு மேல். கல்யாண வீட்டில் புது மாப்பிள்ளை வந்த பிறகு மற்ற ஆண்பிள்ளைகளை யார் கவனிக்கிறார்கள்? புது டார்ச்சைத் தவிர ஒருவரும் ஒன்றும் எடுத்துவரவில்லை. எங்களைவிட்டால் இந்த முட்டாள்தனத்துக்கு ஊரில் வேறு ஆள் கிடைக்காது.

செல்வம் தன் போன் வெளிச்சத்தில் இடது பக்கமாக, சம்பத் சார் போன வழியிலேயே இறங்கினார். நான் மேலிருந்து டார்ச்சைத் திருப்பித் திருப்பித் தேடினேன். தூரம் எட்ட வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தை ஒடுக்கி ஒடுக்கி, பென்சில் மாதிரி ஆக்கி வைத்திருந்தோம். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளைத் தேடுவது, ஊதுகுழல் வழியாகப் பார்த்துக் கல்யாண மண்டபத்தில் குழந்தையைத் தேடுவது மாதிரி. ஒரு கல் தெரியும். பக்கத்துக் கல் தெரியாது. வேஷ்டி, புதர், கல், மறுபடி வேஷ்டி.

என் போன் அதிர்ந்தது. அவர்தான்! பாய்ந்து எடுத்தேன். குழுவிலிருந்து ஒரு கன்னட நண்பர், என்ன ஆச்சு என்று கேட்டு மெசேஜ். 'ஏனாய்த்து மேடம்? எட்டுச்சா?' அந்த நிமிஷத்தில் அவர் எதிரில் இருந்திருந்தால் டார்ச்சாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

டார்ச் கையைச் சுட ஆரம்பித்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"கிடைப்பாரா?" என்றார் மாமி. கேள்வி மாதிரியே இல்லை.

"இருப்பார் மாமி. அங்கேயேதான் எங்கேயாவது உட்கார்ந்திருப்பார்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்போது டார்ச் அணைந்துவிட்டது.

பட்டனை அழுத்தினேன். தட்டினேன். குலுக்கினேன். ஊஹூம். சுற்றிலும் கும்மிருட்டு. செய்து செய்து, கடைசியில் உயிர்போகிற நேரத்தில் காலை வாரிவிட்டதே என்று அழுகை வந்தது. இத்தனை பேர் கூடிச் செய்து இதுதானா லட்சணம்? திட்டிக்கொண்டே இன்னும் நாலு தட்டுத் தட்டினேன்.

கண் மெதுவாக இருட்டுக்குப் பழகியது. முதலில் வானம் தெரிந்தது. பிறகு பாறைகளின் விளிம்பு.

மாமி என் கையைப் பிடித்தார். "அதோ."

வலது பக்கம். தூரத்தில் இல்லை, எங்களுக்கு நேர் கீழேயே, இரண்டு பாறைகளுக்கு நடுவில், நீலமாக ஒரு சின்ன வெளிச்சம். அணைவதும் எரிவதுமாக.

"மின்மினி மாமி."

"மின்மினி அங்கேயே நிக்குமா?"

நிற்காது. நாங்கள் கத்திய கத்தலில் இந்தத் தடவை செல்வத்துக்குக் காது கேட்டது.

சம்பத் சார்தான். வேஷ்டியைக் கட்டிய பிறகு போனைப் பார்த்தால் டவர் இல்லை. எங்களிடமே வந்து சொல்லிவிடலாம் என்று குறுக்கு வழியில் திரும்பியிருக்கிறார். முக்கால்வாசி தூரம் வந்தபின் கால் ஒரு பிளவுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கத்திப் பார்த்திருக்கிறார். பிறகு கத்தத் தெம்பில்லாமல் போன் திரையைக் கையால் மூடித் திறந்து காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். தலைக்கு மேலே எங்கள் டார்ச், அவரை விட்டுவிட்டு வேஷ்டியைத் தேடிப் போய்க்கொண்டே இருந்ததாம். அவ்வளவு பெரிய வெளிச்சத்துக்குப் பின்னால் நின்ற எங்கள் கண்ணுக்கு, காலடியில் இருந்த அந்தச் சின்ன வெளிச்சம் எப்படித் தெரியும்?

போன் வெளிச்சத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. மாமி கைப்பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து அவர் வாயில் கொட்டினார். அப்புறம் புளியோதரையை ஒவ்வொரு வாயாக ஊட்டினார். ஊட்டிக்கொண்டே அவர் தோளில் ஒரு அடி வைத்தார். அப்புறம்தான் அழுதார்.

செல்வம் கல்லை நெம்பிக் காலை எடுத்தார். சுளுக்குதான், எலும்பு முறியவில்லை.

கொஞ்சம் தெளிவு வந்ததும் சம்பத் சார் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எவ்வளவு நேரத்துலே கட் ஆச்சு?"

எங்களுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. செல்வத்துக்குத்தான் முதலில் உறைத்தது. "சார்... அது வேண்டாம்னு ஓட்டுப் போட்டமுங்களே?"

"ஓட்டு நீங்கள்லாம் போட்டேள். சர்க்யூட் நான்தானே போட்டேன்?"

கோபப்படுவதா, காலில் விழுவதா? அந்த மனுஷன் எங்களை ஏமாற்றாமல் இருந்திருந்தால் டார்ச் கருகும்வரை நான் வேஷ்டியையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அதற்குள் அவருக்கு நினைவு தப்பியிருக்கும். அதே சமயம், யானை முன்னால் நின்றிருந்தால்? செல்வத்தின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. குழுவில் இப்போது மறு ஓட்டெடுப்பு நடக்கிறது. முடிவு வருவதற்குள் இன்னும் மூன்று பேர் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

வேஷ்டி அங்கேயே பறந்துகொண்டிருக்கிறது. எடுக்கப் போவதாக சம்பத் சார் ஒரு தடவை வாயைத் திறந்தார். மாமி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டார்ச். பெட்டிக்கடையில் தொங்குமே, அந்த ஜாதி. "இதோட வெளிச்சம் பத்தடிகூடப் போகாது" என்று என்னிடம் முறையிட்டார்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"குளிக்கறச்சேகூட கழட்டப்படாது. இதுக்கு ஓட்டெல்லாம் கிடையாது."