யாருக்கு வாய் நாற்றம்?

1991-இல் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போ மூணு வருஷம். முடிச்சூரில் வாடகை வீடு, என் வீட்டுக்காரருக்குக் கிண்டியில் வேலை. அவரை ஒரு குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அதட்டி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனா என்கிட்ட பேசும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்குவார். ஜன்னலைப் பார்த்துதான் "சாப்பாடு போடறியா"ம்பார். பக்கத்தில் போனா வாயை இறுக்க மூடிக்குவார். படுத்தா சுவர்ப் பக்கம்.

எனக்கு வாய் நாறுதுன்னு நானே முடிவு கட்டிட்டேன். வேற என்னவா இருக்க முடியும்? யார்கிட்ட போய்க் கேட்கறது? பக்கத்து வீட்டு அக்காகிட்ட "ஊதறேன், மோந்து பாருங்க"ன்னா சொல்ல முடியும்! ஒரு நாளைக்கு நாலு தடவை பல் தேய்ப்பேன். எந்நேரமும் வாயில் கிராம்பு. அவர் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை பேசிட மாட்டாரான்னு ஏங்கிப்போய்க் கிடந்தேன்.

தேய்ச்ச தேய்ப்பில் ஈறெல்லாம் ரத்தம். மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடை மாடியில் பல் டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. அவங்ககிட்ட அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"முதல்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம். காலையில பல் தேய்க்காம, காபி குடிக்காம, அந்தக் கிராம்பும் போடாம வாங்க. வீட்ல இருக்கறவங்க ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க. நம்ம வாய் நாத்தம் நமக்குத் தெரியாது, கூட இருக்கறவங்கதான் சொல்லணும்"னாங்க.

வீட்டில் இருந்ததே நாங்க ரெண்டு பேர்தான். "பல் காட்டணும், துணைக்கு வாங்க"ன்னு சொல்லி அவரை இழுத்துட்டுப் போனேன். பல் தேய்க்காத வாயோட பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த கொடுமை இருக்கே, இப்ப நெனச்சாலும் உடம்பு கூசுது.

டாக்டரம்மா ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கச் சொன்னாங்க. அப்புறம் ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்து மெதுவா ஊதச் சொல்லி, மறுமுனையில் மூக்கை வச்சு மோந்தாங்க. ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணச் சொன்னாங்க. நாக்கோட பின்பக்கத்தை ஸ்பூனால் வழிச்சு அதையும் மோந்து பார்த்தாங்க. எனக்குப் பிராணனே போச்சு.

"ஒண்ணும் இல்லையேம்மா. எல்லாருக்கும் காலையில இருக்கறதுதான். நீங்க சொல்லுங்க சார், இவங்களுக்கு வாய் நாறுதா?"

அவர் திகைச்சுப் போயிட்டார். "இவளுக்கா? எனக்குத்தானே டாக்டர்!"

டாக்டரம்மா விடலை. அவரையும் நாற்காலியில் உட்கார வச்சு ஊதச் சொன்னாங்க. "காபி வாசனைதான் சார் வருது"ன்னு சிரிச்சாங்க.

"அப்ப அன்னிக்கு எதுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டே?"ன்னு அவர் என்னைக் கேட்டார்.

எனக்கு ஒண்ணுமே புரியலை. அவரே சொன்னார். கல்யாணமான பத்தாம் நாள், மின்சார ரயிலில் போயிட்டிருந்தோமாம். கூட்டத்தில் என் பக்கம் குனிஞ்சு ஏதோ சொல்ல வாயைத் திறந்திருக்கார். நான் சட்டுன்னு முந்தானையால் மூக்கை மூடிக்கிட்டேனாம். எங்கேன்னு கேட்டா, குரோம்பேட்டை தாண்டும்போதுன்னார்.

அடக் கடவுளே! அங்கே இருந்த தோல் பதனிடுற ஆலைகளோட நாத்தம் குப்புன்னு உள்ளே வந்தா பெட்டியில் இருக்கிற அத்தனை பொம்பளைங்களும் அதைத்தானே செய்வோம்! இவர் பிறந்து வளர்ந்ததே அந்தப் பக்கம்தான். அந்த நாத்தம் அவர் மூக்குக்கு உறைக்கவே உறைக்காது.

"என்னங்க, அது தோல் நாத்தம்ங்க!"ன்னு கத்திட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. அவர் என்னை நேருக்கு நேர் பார்த்தார். மூணு வருஷத்தில் முதல் தடவை.

அதுக்கப்புறம் நல்லாத்தான் வாழ்ந்தோம். "அன்னிக்கு ரயில்ல என்னதான் சொல்ல வந்தீங்க?"ன்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். "யாருக்கு ஞாபகம் இருக்கு, போ"ன்னு சிரிப்பார். அவர் காலமாகி நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு பேரில் ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருந்தா அந்த மூணு வருஷம் வீணாப் போயிருக்காது. புதுப் பொண்டாட்டிகிட்ட அவர் குனிஞ்சு சொல்ல வந்த அந்த ஒரு வார்த்தைக்கு என் காது இன்னிக்கும் ஏங்குது.