தோலுக்கு ஏது நூல்?

என் கணவர் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கி வந்தார். நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் தெருவுக்குள் அது நுழைய வேண்டுமென்றால், எதிர்வீட்டுக்காரர் தன் துளசித் தொட்டியை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். நின்ற பிறகு இடதுபக்கக் கதவுகளைத் திறக்க முடியாது, சுவர் இடிக்கும். வண்டிக்குள் ஏறியவர்கள் நகர்ந்து நகர்ந்து மறுபக்கம் போய் உட்கார வேண்டும். கார் இருந்தும், வேலைக்குப் போகும் காலை ரயிலுக்கு என்னைச் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அவர் ஸ்கூட்டரில்தான் கொண்டு விட்டார். வழியில் உள்ள வேகத்தடைகளில் காரின் அடிவயிறு உரசுமாம். கார் போனதெல்லாம் வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு மட்டும், அதுவும் அண்ணிக்காக.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கணவர் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். அறுவை சிகிச்சை அறையில் எதைப் பார்த்தும் அசராத மனுஷி, ஓய்வு பெற்றதும் கறி மீனை விட்டார், தோல் செருப்பை விட்டார், கைக்கடிகாரத்துக்குத் துணிப்பட்டை போட்டுக்கொண்டார்.

அந்தக் கோடையில் காரின் பின் சீட் வெடித்தது. நாள் முழுக்க வெயிலில் நின்றால் வெடிக்காமல் என்ன செய்யும்? என் கணவருக்கு மட்டும் அதில் ஒரு பெருமை.

"லெதர்னா இப்படித்தான் வெடிக்கும். ஒரிஜினலுக்கு அடையாளமே இதான்" என்றார்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். "இன்னாது? லெதரா?"

"ஆமாங்க்கா."

"எட்டு மாசமா இதுல ஒக்காந்துகினுதான் கோயிலுக்குப் போனனா? எந்த மாட்டுதுடா?"

"ஜெர்மனி மாடுக்கா."

"ஜெர்மனியா இருந்தா இன்னா, மாடு மாடுதான?"

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி பூஜையறை மணைப்பலகையைக் கொண்டுவந்து சீட்டின் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். ஏற்கெனவே உயரமானவர். வேகத்தடை வரும்போதெல்லாம் கூரையில் தலை இடித்தது. இடிக்கும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டார். கோயில் போய்ச் சேர்வதற்குள் பாதி அர்ச்சனை முடிந்துவிட்டது.

சீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனது. அசல் தோலா, செயற்கைத் தோலா? என் கணவர் பெங்களூர் கடையிலிருந்து மூன்று மாதிரித் துண்டுகள் வாங்கி வந்தார். அட்டையில் ஒட்டிய, உள்ளங்கை அகலத் துண்டுகள். ஒன்று அசல், இரண்டு செயற்கை. எது எதுவென்று மேலே காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர் அதை நம்பிவிடுவாரா? ஒரு நோட்டில் கட்டம் போட்டார். காலை ஷிப்ட்டில் வெயில் சோதனை. மதிய ஷிப்ட்டில் வியர்வைச் சோதனை: வேட்டியோடு ஒவ்வொரு துண்டின் மேலும் அரைமணி நேரம் உட்கார்ந்தார். துண்டு சிறியது, அவர் அப்படி இல்லை. ஆனாலும் முதுகை நேராக வைத்து, கண்ணை மூடி, மிகுந்த பொறுப்போடு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் சாம்பார் சோதனை. மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி ஊற்றி, ஊறவிட்டுக் கழுவினார். கறை போய்விட்டது. கூடவே, மேலே ஒட்டியிருந்த சீட்டுகளும் போய்விட்டன.

எது எது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. கடைக்குப் போன் செய்தார். மோந்து பாருங்கள், அசலுக்கு ஒரு வாசனை உண்டு என்றார்கள். என் கணவருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரிவதில்லை. அதனால் நான் மோந்தேன்.

"இன்னா வருது?"

"பெருங்காயம்."

"அடுத்தது?"

"அதுலயும் பெருங்காயம்தாங்க."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு. எத்தினி பேருக்கு ஊசி போட்ட கை இது. தோலுன்னா எனக்குத் தெரியாதா?" தையல் ஊசியை எடுத்து வந்து மூன்றையும் குத்தினார், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை குத்தினார். நடுத்துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது பிளாஸ்டிக். ஊசி வழுக்கிகினு போவுது. சுத்தம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பூஜையறையில் குத்துவிளக்கு எண்ணெய் ஒழுகித் தரையெல்லாம் பிசுக்காகிக்கொண்டிருந்தது. துண்டைத் துடைத்து விளக்கின் அடியில் வைத்துவிட்டார். அளவு சரியாக இருந்தது.

அதற்குப் பிறகும் என் கணவருக்கு முடிவுக்கு வர ஒரு வாரம் போதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, மூவரும் வண்டியில் ஏறி ஆண்டர்சன்பேட்டையில் ஆட்டோ சீட் தைப்பவர் கடைக்குப் போனோம். அண்ணி வழக்கம்போல் பலகை மேல். தைப்பவர் பின் கதவைத் திறந்தார், வெடிப்பில் விரலை விட்டு ஓரத்தைப் புரட்டினார்.

"சார், இது ரெக்சின்."

"ஜெர்மன் காருப்பா இது."

"அப்ப ஜெர்மன் ரெக்சின் சார். அடியில பாருங்க, நூலு நெய்ஞ்சி கீது. தோலுக்கு ஏது சார் நூலு?"

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளை வெளேரென்று கொசுவலை மாதிரித் துணி. எட்டு மாதமாக ஞாயிறுதோறும் தோலுக்கென்றே விற்கிற களிம்பை அந்தச் சீட்டில் தேய்த்து வந்த மனிதர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணி பலகையை உருவிக் காலடியில் போட்டார். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. என் கணவர் மிச்சமிருந்த மாதிரித் துண்டுகளைத் தைப்பவரிடம் நீட்டினார். அவர் அட்டையைப் பிய்த்தார். முதல் துண்டின் அடியில் துணி. இரண்டாவதிலும் துணி.

"ரெண்டுமே ரெக்சின் சார். மூணுன்னீங்களே, இன்னொன்னு எங்க?"

நான் அண்ணியைப் பார்க்காமலிருக்க, ஒரு ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வண்டிய எடுடா" என்றார் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் இடுக்கியால் விளக்கின் அடியிலிருந்த துண்டை எடுத்து, வெளியே கொண்டுவந்து அட்டையைப் பிய்த்தார். நூல் இல்லை. நார் நாராக, சந்தேகத்துக்கு இடமில்லாத தோல். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தார், தலைக்குக் குளித்தார், ஈரத் தலையோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தெரியாம நடந்தது, அண்ணி."

"எனக்குத் தெரியல, சரி. அந்த முருகனுக்குத் தெரியாதா? ஒரு வாரமா மாட்டுத் தோலு மேல வெளக்கு எரியுது, ஒண்ணுமே சொல்லலியே."

காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டி, "அந்த ஒரு வாரமா முட்டி வலி இல்லம்மா" என்றார்.

சாமி முன்னால் இருந்ததைக் குப்பையில் போட முடியாது, வீட்டிலும் வைக்க முடியாது. கடைசியில் மஞ்சள் குங்குமம் வைத்து முருங்கை மரத்தடியில் புதைத்தார். குழி தோண்டியது என் கணவர்.

பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை அண்ணி, "ஒனக்குத் தோலுதான் புடிக்கும்னா தோலே போடு. நான் ஒக்காருவேன்" என்றார். என் கணவரோ, "ஜெர்மன்காரனே ரெக்சின்தான் போட்டிருக்கான். அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்? ரெக்சின்தான்" என்றார். இரண்டு நாள், ஒருவர் விட்டுப்போன கட்சியில் இன்னொருவர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். தோலின் பெருமையை அண்ணியும், அதன் பாவத்தை என் கணவரும் சொல்லக் கேட்டபடி நான் ரயிலுக்குக் கிளம்பினேன். மூன்றாம் நாள் இருவரும் என்னைக் கேட்டார்கள். அதுவரை என்னை யாரும் கேட்டிருக்கவில்லை.

"ரெக்சின்" என்றேன். "சாம்பார் கொட்டினா தொடைச்சிடலாம்."

ஆண்டர்சன்பேட்டைக்காரரே தைத்தார். அரக்கு நிறம், ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டி. ஆட்டோவுக்குத் தைத்துப் பழகிய கை, முதுகில் ஒரு தாமரையும் தைத்துவிட்டிருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் காரணம் சொல்லவில்லை. என் கணவர் அதைத் தடவிப் பார்த்து, தையல் நேராக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதமே பேத்தமங்களாவில் அவருடைய சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். தக்காளித் தோட்டத்தை ஒட்டிக் காரை நிறுத்தியதும் சித்தப்பா வந்து கதவைத் திறந்து பார்த்தார்.

"ஒரிஜினல் லெதராடா?"

"இல்ல சித்தப்பா, ரெக்சின்."

"நீ எப்பவும் இப்படித்தான், அடக்கமாவே பேசுவ."

"நெஜமா ரெக்சின் சித்தப்பா. அடியில நூலு இருக்கும், காட்டறேன்." என் கணவர் சீட்டின் ஓரத்தைப் புரட்டப் பார்த்தார். புதுத் தையல், அசைந்து கொடுக்கவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"வுடுடா, கிழிச்சிடப் போற" என்று அவர் கையைத் தட்டிவிட்டார் சித்தப்பா. செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறி, தாமரையில் சாய்ந்துகொண்டு ஏ.சி.யைப் போடச் சொன்னார். பந்திக்கு இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டும் அவர் இறங்கவில்லை. மூன்றாவது முறை, இலையையே அங்கே கொண்டுவரச் சொன்னார்.