மோர்டனிலிருந்து றொக் பாடுவது

றொக் பாடகிக்குப் பாடுவது சின்ன வேலை. அதுவும் ஒரு வேலைதான் என்று சனத்துக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரிய வேலை. வேலை ஒரு நாட்டிலும் வீடு இன்னொரு நாட்டிலுமாக அலைகிற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். நான் வளர்ந்தது நெதர்லாந்தில். அங்கே ஒரு டச்சு றொக் குழுவில் பன்னிரண்டு வருடமாக முன்னுக்கு நின்று பாடுகிறேன். கோயிலும் தமிழ்க் கடையும் பக்கத்தில் வேண்டுமென்று அம்மா லண்டனுக்கு, மோர்டனுக்கு வந்துவிட்டார். நானும் பின்னால் வந்தேன். குழு அங்கேயே நிற்கிறது.

தேவாரம்

மரக்கறிக் கடை அண்ணை என் வேலையைக் கேட்டார். பாடுகிறேன் என்றதும், பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டில் நான்தான் பாட வேண்டும் என்று முடிவே எடுத்துவிட்டார். இது அப்படியான பாட்டில்லை, கிற்றாரும் ட்றம்ஸும் காதைப் பிளக்கும், இடையில் நான் கத்தவும் செய்வேன் என்று கையில் முருங்கைக்காயோடு விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அது பரவாயில்லைப் பிள்ளை. தேவாரத்தோட தொடங்குங்கோ, சனம் சாப்பிடேக்க கத்தலாம்."

கார் பார்க்

வீட்டில் கத்திப் பழக முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலே எங்களுக்குக் கேட்கும். அதனால் பக்கத்து ஊரான சட்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில், காருக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். ட்ரொலியோடு போன ஒரு தமிழ் ஐயா வந்து தட்டினார். எனக்கு முகமெல்லாம் வியர்வை, கண் கலங்கியிருந்தது. இது பயிற்சி என்று சொல்ல வாயெடுத்தேன், மூச்சு வாங்கியதில் சொல் வரவில்லை.

"அழாதேங்கோ பிள்ளை. வீட்டில பிரச்சினையெண்டா கவுன்சிலில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு, வேற வீடு எடுக்கலாம்."

ஹென்கின் போன்

அந்தக் கிழமை முழுக்க நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கினேன். பஸ் பிடித்து ஸ்ட்ரெதம் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். காரணம், எங்கள் ட்றம்ஸ்காரன் ஹென்கின் போன். சுற்றிவளைத்துப் பேசுவது டச்சுக்காரருக்குப் பழக்கமில்லை. மாதத்துக்கு ஒரு ஒத்திகை போதாதாம். புதிதாக ஒருத்தி வந்து பாடுகிறாளாம். இரண்டு பேரையும் பாடவைத்து ஒருத்தியை எடுக்கப்போகிறார்களாம். அடிக்கடி வர அம்மா விடமாட்டார் என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவள் என்னைவிட நன்றாகப் பாடுவாளா என்றும் கேட்டுவிட்டேன்.

"உன்னளவுக்கு அவளுக்குப் பாட்டு வராது. ஆனால் அவள் ஒத்திகைக்கு வருகிறாள்."

கக்கூசு

அதன்பின் குழு ஒரு நிகழ்ச்சிக்காக ஸ்ட்ரெதம் வந்தது. பின்னேரம் மைக் சரிபார்க்கும் நேரத்தில் அம்மா எல்லோருக்கும் கட்லட் கொண்டுவந்தார். வந்ததும் வராததுமாக, கக்கூசு எங்கே என்று என்னிடம் உரத்துக் கேட்டார். ஹென்கின் கையிலிருந்த கட்லட் விழுந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் விட்டுப்போன சொல் அது. அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோரைப் போல அதையும் சாதாரணமாகப் புழங்குகிறோம். அவர்களுக்கோ அது வாயில் எடுக்கக்கூடாத சொல். அம்மாவுக்கு வழிகாட்டிவிட்டு வந்து ஹென்க் மெல்லச் சொன்னான்:

"இவ்வளவு கெட்ட சொல்லை நம் பாட்டில்கூட வைத்ததில்லை."

சாட்டு

அம்மா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பாடிய மூன்று பாட்டுக் கேட்டார். காதைப் பொத்தவில்லை. முடிந்ததும் ஹென்க் அவரிடமே நேராகக் கேட்டான்: புதியவளோடு பாடிப்பார்க்கவாவது மகளை ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்? நெதர்லாந்தில் பூப்பண்ணையில் வருடக்கணக்காக வேலை செய்த அம்மாவுக்கு டச்சு நன்றாக விளங்கும். விடமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டுமே என்று நான் ஆசைப்பட்டேன்; உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அம்மா அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் எப்ப மறிச்சனான்? அந்தப் பெட்டைக்குப் பயந்து நீதானே என்னைச் சாட்டிக்கொண்டு நிக்கிறாய்."

வெள்ளிக்கிழமை அவளோடு பாடிப்பார்க்க நெதர்லாந்துக்கு ரயிலேறுகிறேன், தோற்றால் இனி யாரைச் சாட்டுவது என்பதுதான் இப்போதைய கவலை.