மிதிக்கு ஒரு துண்டு

"கோன்" என்று பெடலை ஒரு மிதி. "ஃபி" என்று இன்னொரு மிதி. "தூர்" என்னும்போது நூல் அறுந்துவிடுகிறது. "சனியன், இந்த வார்த்தைக்குன்னே அறுந்து தொலைக்குது" என்று மறுபடி ஊசியில் கோக்கிறார் டெய்லரக்கா. மிஷினில் இருப்பது என் சட்டை என்பதால் எனக்குக் கொஞ்சம் பதற்றம்.

கோன்ஃபித்தூர் என்றால் பிரெஞ்சில் ஜாம். அக்காவின் தங்கை வெளிநாட்டில் தனியாகப் பிள்ளை வளர்த்தவள், போன மாதம் இறந்துபோனாள். ஆறு வயது மகள் இப்போது இந்தப் பெரியம்மாவிடம். பிள்ளைக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை தெரியாது. அதையும் வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை. கட்டிங் மேசைக்கு அடியில் வெட்டுத்துணிகளோடு உட்கார்ந்திருக்கும். அதனிடம் பேசத்தான் அக்கா செல்போனை வைத்துப் பிரெஞ்சு படிக்கிறார்.

செல்போன் ஒரு சொல்லை வேகமாகச் சொல்லும். "யாருடி துரத்துறா உன்னை? மெதுவாச் சொல்லேன்" என்று அக்கா அதை அதட்டுவார். சொல்லை மேசையில் எழுதி, சாக்பீஸால் கோடு போட்டுப் பிரிப்பார். அப்புறம் மிதிக்கு ஒரு துண்டு. வணக்கம், நன்றியெல்லாம் அவருக்கு வேண்டாம். "பசிக்குதா, வலிக்குதா, தூக்கம் வருதா, இது போதும். மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்." என் சட்டைக்கும் இதே 'அப்புறம் பாத்துக்கலாம்'தான்.

பிள்ளைக்குப் பிடிக்குமே என்று எடுத்த இந்த ஜாம்தான் நாக்கில் படியவில்லை. கடைசித் துண்டுக்கு உதட்டைக் குவித்துக்கொண்டே 'ஈ' சொல்ல வேண்டுமாம். குவித்தால் 'ஊ' வருகிறது, விட்டால் வெறும் 'ஈ' வருகிறது. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"தப்பாச் சொன்னா புள்ள மூஞ்சியத் திருப்பிக்குதுப்பா. அவங்கம்மா சொன்ன மாதிரி இல்லல்ல" என்றார் மெதுவாக. "அது வாயத் திறக்காமயே இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"கோன்… ஃபி… தூர்."

மேசைக்கு அடியிலிருந்து பிள்ளை எழுந்து வந்தது. பெரியம்மாவின் இரண்டு கன்னங்களையும் விரல்களால் அழுத்தி உதட்டைக் குவிய வைத்தது. தன் உதட்டையும் குவித்துக் காட்டி, "த்யூர்" என்றது. பேசாமல் இருந்து இருந்து கரகரத்துப்போன குரல்.

மிஷின் நின்றுவிட்டது. அக்காவுக்குக் கண்ணீர் வழிந்து அந்த விரல்களை நனைத்தது. துடைக்கப்போனால் பிள்ளை கையை எடுத்துவிடுமே! குவித்த உதடு குவித்தபடியே இருக்க, ஒற்றை விரலை உயர்த்தி 'இன்னொரு தடவை' என்று கேட்டார்.